வெப் ஃபார்ம்ஸில் டைனமிக் ரோ: பூ மார்க்கெட் பில் பக்கத்துக்குத் தாங்குமா?

மதுரையின் கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடையோ, விளக்குத்தூண் ஜவுளிக்கடையோ, மாட்டுத்தாவணி பூ கமிஷன் கடையோ, யாருக்கு பில் பக்கம் எழுதினாலும் ஒரு தேவை கட்டாயம் வந்து நிற்கும்: இன்றைக்கு எத்தனை ரோ (பில் வரி) வரும் என்று முன்கூட்டியே தெரியாது. சாதாரண நாளில் ஒரே திரைக்குள் அடங்கிவிடும் பூ வரவு, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பல மடங்காகிவிடும். அதனால் கன்ட்ரோல்களை (டெக்ஸ்ட்பாக்ஸ், பட்டன் போன்ற பக்க உறுப்புகளை) டிசைனரில் இழுத்துப் போட்டு வைக்க முடியாது. கோடில்தான் உருவாக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மைக்ரோசாஃப்டின் வலைப்பக்க ஃபிரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸ் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறோம். எடுத்துக்கொண்டது டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8, ஐஐஎஸ் சர்வரில்.

2002-இல் வந்த பொருளுக்கு இப்போது எதற்கு மதிப்பீடு என்று கேட்கலாம். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பில் பக்கத்தை எந்த முதலாளியும் காசு செலவழித்து மாற்றச் சொல்ல மாட்டார். அதைப் பராமரிக்கிறவருக்கு இது இன்றைய பிரச்சினை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வெப் ஃபார்ம்ஸ் மதிப்புகளை நன்றாகவே காப்பாற்றும், கன்ட்ரோல்களைக் காப்பாற்றாது. அவற்றை ஒவ்வொரு போஸ்ட்பேக்கிலும், அதாவது பக்கம் தன் ஃபார்மைச் சர்வருக்குத் திரும்ப அனுப்பும் ஒவ்வொரு முறையும், நீங்கள்தான் திரும்ப உருவாக்கித் தர வேண்டும், அதுவும் அதே வகையில், அதே இடத்தில், அதே ஐடியோடு, சரியான கட்டத்தில். இந்த நான்கையும் கொடுத்தால் மிச்சத்தை அது பிசகாமல் செய்யும். ஒன்று தப்பினாலும் பெரும்பாலும் எரர்கூட வராமல் தகவல் காணாமல் போகும். இந்தப் பொருளின் மேல் நாங்கள் வைக்கும் பெரிய குறை இந்த மௌனம்தான்.

ஏன் இப்படி? ஒவ்வொரு கோரிக்கைக்கும் பேஜ் ஆப்ஜெக்ட் புதிதாகப் பிறக்கிறது, பதில் போனதும் தூக்கி எறியப்படுகிறது. கிளாஸ் மட்டத்தில் வைத்த வேரியபிளும் அதோடு போய்விடும். டிசைனரில் போட்ட டெக்ஸ்ட்பாக்ஸ் திரும்ப வருவதற்குக் காரணம், மார்க்கப் பக்கம் கம்பைல் ஆனபின் அந்தக் கோடே ஒவ்வொரு முறையும் அதை உருவாக்குகிறது. “ரோ சேர்” பட்டனின் கிளிக் ஹேண்ட்லருக்குள் நீங்கள் உருவாக்கிய ரோவை அடுத்த முறை உருவாக்க ஆள் இல்லை. அதன் மதிப்புகள் ஃபார்மோடு சர்வருக்கு வந்து சேர்ந்திருக்கும், உட்கார இடம் இருக்காது. ரோ முதல் கிளிக்கில் தெரிந்து இரண்டாவது கிளிக்கில் மறைவதும், ரோவுக்குள் இருக்கும் “நீக்கு” பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததும் இதே காரணத்தால்தான். கிளிக் ஈவென்ட்டை எழுப்பும் நேரத்தில் அந்தப் பெயரில் பட்டனே இல்லாவிட்டால் ஃபிரேம்வொர்க் பேசாமல் கடந்துபோகும்.

கட்டங்களின் வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும். இனிட், அடுத்து லோட்வியூஸ்டேட் (வியூஸ்டேட், அதாவது பக்கத்தோடு மறைவாகப் போய்வரும் சேமித்த மதிப்புகளை ஏற்றும் கட்டம்), அடுத்து போஸ்ட் டேட்டாவின் (ஃபார்மில் டைப் செய்து வந்த மதிப்புகளின்) முதல் சுற்று, அடுத்து லோட், அதற்குப் பின் போஸ்ட் டேட்டாவின் இரண்டாம் சுற்று, பிறகு சேஞ்ச் ஈவென்ட்கள், பிறகு கிளிக், ப்ரீரெண்டர், வியூஸ்டேட் சேமிப்பு, ரெண்டர். இதில் ஒரு நல்ல ஏற்பாட்டைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒரு கன்ட்ரோலைத் தாமதமாக மரத்தில் (கன்ட்ரோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய அமைப்பில்) சேர்த்தாலும், அது தவறவிட்ட கட்டங்களை ஃபிரேம்வொர்க் உடனே அதற்கு மட்டும் நடத்திக் காட்டிவிடும். பேஜ் லோடில் ரோக்களை உருவாக்கினால், இனிட்டும் வியூஸ்டேட்டும் அப்போதே ஓடும். டைப் செய்த மதிப்பு இரண்டாம் சுற்றில் வந்து சேரும். ஆக, லோடில் உருவாக்குவதும் வேலை செய்யும். ஒரு நிபந்தனை: அங்கேயே டெக்ஸ்ட்பாக்ஸைப் படித்துக் கூட்டுத்தொகை போட முயன்றால் புது மதிப்பு கிடைக்காது, அது இன்னும் வந்திருக்காது. கிளிக் ஹேண்ட்லரில் படித்தால் சரியாக இருக்கும். கிளிக் ஹேண்ட்லரிலேயே பழைய ரோக்களைத் திரும்ப உருவாக்கினால் மட்டும் மீட்பே இல்லை. இரண்டு சுற்றும் முடிந்துபோன நேரம் அது.

எங்கள் கணிப்பில் இதற்குப் பொருத்தமான இடம் லோட்வியூஸ்டேட் மெத்தட். எந்தெந்த ரோக்கள் இருக்கின்றன என்ற பட்டியலை வியூஸ்டேட்டில்தான் வைக்கப்போகிறீர்கள். இனிட் கட்டத்தில் அதைப் படிக்க முடியாது, லோட் வரை காத்திருந்தால் போஸ்ட் டேட்டாவின் முதல் சுற்று போய்விடும். ஆகவே பேஜ் கிளாஸில் லோட்வியூஸ்டேட்டை ஓவர்ரைட் செய்யுங்கள். முதல் வரியில் பேஸ் மெத்தடைக் கூப்பிட வேண்டும். அது முடிந்ததும் பட்டியல் கையில் இருக்கும். அதிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ரோ உருவாக்கி, ஐடி கொடுத்து, பிளேஸ்ஹோல்டரில் (ரோக்களுக்காகப் பக்கத்தில் ஒதுக்கிய காலி கன்ட்ரோலில்) சேர்த்துவிடுங்கள். முதல் வருகையில், அதாவது போஸ்ட்பேக் இல்லாதபோது, பேஜ் லோடில் ஒரு காலி ரோவை உருவாக்கிப் பட்டியலையும் எழுதிவைக்க வேண்டும். இதை விட்டுவிடக் கூடாது: பேஜின் சொந்த வியூஸ்டேட்டில் ஒன்றுமே இல்லையென்றால் அடுத்த முறை லோட்வியூஸ்டேட் அழைக்கப்படவே அழைக்கப்படாது. பிரேக்பாயின்ட் வைத்துவிட்டு ஏன் நிற்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான்.

பட்டியலை எந்த வடிவில் வைப்பது என்பதிலும் லாப நஷ்டம் உண்டு. “1,2,5” என்று கமா போட்ட எழுத்தாகவோ முழு எண் அரேயாகவோ வைத்தால் வியூஸ்டேட் அதைச் சுருக்கமாகவே எழுதிக்கொள்ளும். சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதி அதன் லிஸ்டை வைத்தால், அது சீரியலைசபிள் ஆக இருக்க வேண்டும் என்பதோடு, பைனரி முறையில் கிளாஸின் முழுப்பெயர் முதற்கொண்டு எழுதப்பட்டு இடத்தை அடைக்கும். பட்டியலோடு “அடுத்த எண்” என்று ஒன்றையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் அவசியம் ரோ நீக்கும்போது தெரியும்.

அந்த நீக்கும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பூ கமிஷன் கடை பில்லில் மூன்று ரோ. ஒவ்வொன்றிலும் விவசாயி பெயர் ஒரு லேபிளில், கிலோ ஒரு டெக்ஸ்ட்பாக்ஸில். ஐடிகள் ரோ1, ரோ2, ரோ3. கணக்கில் “எத்தனை ரோ” என்ற எண்ணிக்கை மட்டும் வைத்திருக்கிறார்கள், பட்டியல் இல்லை. நடு ரோவை நீக்கு என்றதும் ஹேண்ட்லர் ரோ2-ஐ மரத்திலிருந்து எடுத்துவிட்டு எண்ணிக்கையை 2 ஆக்குகிறது. திரையில் ரோ1, ரோ3 சரியாகத் தெரியும். கடைக்காரர் ரோ3-இல் 4.500 கிலோ என்று திருத்திவிட்டு “சேமி” அழுத்துகிறார். இப்போது கோட், எண்ணிக்கை 2 என்பதால் ரோ1, ரோ2 என்று உருவாக்கும். விளைவு வினோதமாக இருக்கும்: இரண்டாவது ரோவில் விவசாயி பெயர் சரியாக வரும், கிலோ மட்டும் காலியாகிவிடும்.

காரணம், இரண்டு மதிப்புகளும் இரண்டு வேறு வழியில் வந்து சேருகின்றன. வியூஸ்டேட் சேர்வது இடத்தை வைத்து: பிளேஸ்ஹோல்டருக்குள் இது எத்தனையாவது குழந்தை என்பதே கணக்கு, ஐடியை அது பார்ப்பதில்லை. ரேஷன் கடையில் பெயர் கேட்காமல், நிற்கும் இடத்தை வைத்துப் பையை நீட்டுவது மாதிரி. அதனால் ரோ3-க்குச் சேமித்த பெயர் ரோ2-க்குப் போய்ச் சேர்ந்தது. டைப் செய்த மதிப்போ யூனிக்ஐடி என்ற முழுப்பெயரை வைத்து வரும். பிரவுசர் அனுப்பியது ரோ3-இன் பெயரில். அந்தப் பெயரில் ஆள் இல்லாததால் 4.500 தொலைந்தது. சாதாரண டெக்ஸ்ட்பாக்ஸ், டெக்ஸ்ட்சேஞ்ச்ட் ஈவென்ட் இணைக்காத வரை, தன் எழுத்தை வியூஸ்டேட்டில் வைப்பதும் இல்லை. ஆகவே பழைய கிலோகூடத் திரும்ப வராது. எடை தப்பினால் விவசாயிக்குப் போகும் பணம் தப்பும். இதைச் சின்ன பிழை என்று யாரும் ஒதுக்க முடியாது.

சரியான முறை: முந்தின கோரிக்கையில் இருந்த பட்டியலை வைத்தே, நீக்க வேண்டியதையும் சேர்த்து, எல்லா ரோக்களையும் முதலில் உருவாக்க வேண்டும். மதிப்புகள் எல்லாம் போய் உட்கார்ந்தபின், கிளிக் ஹேண்ட்லரில் அந்த ஒரு ரோவைக் கன்ட்ரோல்ஸ் தொகுப்பிலிருந்து ரிமூவ் செய்து, பட்டியலிலிருந்தும் அதன் எண்ணை எடுத்துவிடுங்கள். மிச்ச ரோக்களுக்கு மறு எண் கொடுக்காதீர்கள். பட்டியல் “1,3” என்றே இருக்கட்டும். புது ரோ வந்தால் அது 4. நீக்கிய 2-ஐத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது, “அடுத்த எண்” அதற்குத்தான். திரையில் காட்டும் வரிசை எண் வேண்டுமென்றால் ப்ரீரெண்டரில் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். மேலே புது ரோ சேர்க்கும் வசதி கேட்டால், ஆட்அட் மூலம் பூஜ்யத்தில் செருகி, பட்டியலிலும் முதலிடத்தில் செருகுங்கள். மரமும் பட்டியலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும்.

இடம் மாறி, அந்த இடத்தில் வேறு வகைக் கன்ட்ரோல் இருந்துவிட்டால் “ஃபெயில்ட் டு லோட் வியூஸ்டேட்” என்ற எரர் வரலாம். அது வந்தால் நல்லது. பிழை எங்கே என்று தெரிந்துவிடும். ஒரே வகை ரோக்கள் இடம் மாறும்போது எரர் வராது, பெயர்கள் மட்டும் ஆள் மாறி நிற்கும்.

ஐடி கொடுக்காமல் விட்டால் ஃபிரேம்வொர்க்கே வரிசைப்படி சிடிஎல்00, சிடிஎல்01 என்று பெயர் வைத்துக்கொள்ளும். மேலே ஒரு எச்சரிக்கை லேபிளைக் கூடுதலாகச் சேர்த்தாலே கீழே எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். ரோவுக்கும் அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஐடி கட்டாயம். ரோவைத் தனி ஃபைலில் யூசர் கன்ட்ரோலாக எழுதுவது எங்களுக்குப் பிடித்த முறை; அது உள்ளிருப்பவற்றின் பெயருக்கு முன்னால் தன் பெயரைச் சேர்க்கும் நேமிங் கன்டெய்னர் ஆவதால் உள்ளே எல்லா ரோவிலும் “கிலோ” என்ற ஒரே ஐடியை வைத்துக்கொள்ளலாம். லோட்கன்ட்ரோலுக்கு ஃபைலின் பாதையைக் கொடுங்கள். கிளாஸின் டைப்பைக் கொடுத்தால் மார்க்கப் ஏறாது, உள்ளே இருக்கும் டெக்ஸ்ட்பாக்ஸ் எல்லாம் நல் ஆகவே இருக்கும்.

மதிப்பை எப்போது வைக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். மரத்தில் சேர்ப்பதற்கு முன் வைத்த ப்ராப்பர்ட்டி வியூஸ்டேட்டில் பதியாது. சேர்த்தபின் வைத்தது பதியும். “கிலோ”, “விலை” மாதிரி மாறாத தலைப்புகளைச் சேர்ப்பதற்கு முன்பே வைத்துவிடுவது சிக்கனம். விலைக்கு டீஃபால்ட் மதிப்பைப் பேஜ் லோடில் போஸ்ட்பேக் பார்க்காமல் வைத்தால், முதல் சுற்றிலேயே வந்து உட்கார்ந்த கடைக்காரரின் விலை அழிந்துவிடும். புது ரோ பிறக்கும் அந்த ஒரு தடவை மட்டும் வையுங்கள்.

தொகை கட்டத்தைக் கடைக்காரர் தொடக்கூடாது என்று டெக்ஸ்ட்பாக்ஸின் ரீட்ஒன்லி ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்கி, ஜாவாஸ்கிரிப்டில் கிலோவையும் விலையையும் பெருக்கிக் காட்டுவது எல்லோரும் செய்வது. அப்படி வைத்தால் போஸ்ட்பேக்கில் அந்தக் கட்டத்துக்கு வரும் மதிப்பைச் சர்வர் ஏற்றுக்கொள்ளாது, பழையதே நிற்கும். ப்ராப்பர்ட்டியை விட்டுவிட்டு ரீட்ஒன்லியை ஆட்ரிபியூட்டாகச் சேர்த்தால் மதிப்பு வரும். எப்படியும் பணக்கணக்கைச் சர்வரிலும் ஒருமுறை பெருக்கிப் பார்ப்பதே முறை.

பூ வகைக்கு டிராப்டவுன்: மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி. வியூஸ்டேட்டை அப்படியே விட்டால், டேட்டாபேஸிலிருந்து நிரப்பிய இந்தப் பட்டியல் ஒவ்வொரு ரோவுக்கும் தனித்தனியாகப் பக்கத்தில் எழுதப்படும். முப்பது ரோ என்றால் ஒரே பட்டியல் முப்பது தடவை. டிராப்டவுனில் எனேபிள்வியூஸ்டேட்டை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, ரோவை உருவாக்கும்போதே பட்டியலை நிரப்பிவிடுங்கள். தேர்ந்தெடுத்தது போஸ்ட் டேட்டாவில் வந்துவிடும். இதற்கு ஒரு விலை உண்டு: பழைய தேர்வு எதுவென்று கன்ட்ரோலுக்குத் தெரியாததால், முதல் ஐட்டம் அல்லாத எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் ஒவ்வொரு போஸ்ட்பேக்கிலும் செலக்டட்இன்டெக்ஸ்சேஞ்ச்ட் எழும். அந்த ஈவென்ட்டை நம்பி வேலை வைத்திருந்தால் இதைச் செய்யாதீர்கள். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு ஐட்டம் சேர்த்தாலோ, ஈவென்ட் வேலிடேஷன் “இன்வேலிட் போஸ்ட்பேக் ஆர் கால்பேக் ஆர்க்யுமென்ட்” என்று தடுத்துவிடும்.

எல்லா ரோவும் ஒரே அச்சில் இருந்தால் இவ்வளவு பாடும் தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே அச்சைப் பட்டியலின் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் திரும்ப எழுதும் ரிப்பீட்டர் கன்ட்ரோல் போதும். எத்தனை ஐட்டம் என்பதை அதுவே வியூஸ்டேட்டில் வைத்துக்கொண்டு போஸ்ட்பேக்கில் தானே மறுபடி எழுப்பிக்கொள்ளும். ரோ சேர்க்கும்போது, எல்லா ஐட்டத்திலிருந்தும் டைப் செய்ததைப் படித்து ஒரு லிஸ்டில் போட்டு, ஒரு காலி ஐட்டத்தைச் சேர்த்து, டேட்டாபைன்ட் செய்தால் முடிந்தது. போஸ்ட்பேக்கில் பேஜ் லோடிலேயே டேட்டாபைன்ட் செய்யாமல் இருந்தால் சரி. பூ கமிஷன் பில்லுக்கு எங்கள் பரிந்துரை ரிப்பீட்டர்தான். கட்டங்களின் வகையே டேட்டாபேஸில் எழுதிவைத்த அமைப்பைப் பொறுத்து மாறும் படிவங்களுக்கு மட்டும் கையால் உருவாக்கும் வழிக்குப் போங்கள்.

அளவு விஷயத்தில் வெப் ஃபார்ம்ஸுக்குக் குறைந்த மதிப்பெண்தான். வியூஸ்டேட் பேஸ்64 எழுத்தாக மறைவான ஃபீல்டில் பயணிக்கும். அந்த மாற்றத்திலேயே மூன்று பைட் நான்காகும். பக்கத்தோடு இறங்கி, ஒவ்வொரு கிளிக்கிலும் திரும்ப ஏறும். உசிலம்பட்டிப் பக்கம் மொபைல் டேட்டாவில் வரவு போடுகிறவருக்கு ஏறும் வேகம்தான் தடை. பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் அப்டேட்பேனல் போட்டால் திரை சிமிட்டாது. ஆனால் முழு வியூஸ்டேட்டும் ஏறத்தான் செய்யும், சர்வரில் எல்லாக் கட்டமும் ஓடத்தான் செய்யும். பேஜ் டைரக்டிவில் ட்ரேஸை ட்ரூ ஆக்கிப் பாருங்கள்: எந்தக் கன்ட்ரோல் எத்தனை பைட் வியூஸ்டேட் எடுக்கிறது என்று மரமாகவே காட்டும். இந்த வசதிக்கு முழு மதிப்பெண். 4.0-இல் வந்த வியூஸ்டேட்மோடைப் பிளேஸ்ஹோல்டரில் டிசேபிள்ட் என்று வைத்து, ரோ லேபிள்களுக்கு மட்டும் எனேபிள்ட் கொடுக்கலாம். வியூஸ்டேட்டைச் சர்வரின் செஷனில் வைக்கும் முறையும் உண்டு. அதில் டீஃபால்ட்டாகக் கடைசி 9 பக்கங்களின் நிலை மட்டுமே இருக்கும் என்பதால், பல டேப் திறந்து வேலை செய்யும் கடைகளில் பழைய டேப் கைவிட்டுவிடும்.

ரோ பெருகும்போது வரும் இன்னொரு சுவர் 1000. ஒரு கோரிக்கையில் இதற்கு மேல் ஃபார்ம் ஃபீல்டுகளை ஏஎஸ்பி டாட் நெட் ஏற்காது. 2011 டிசம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் வைத்த வரம்பு இது. ரோவுக்கு 4 கட்டம் என்றால், மறைவான ஃபீல்டுகளையும் சேர்த்து 250 ரோவை நெருங்கும்போதே “ஆபரேஷன் இஸ் நாட் வேலிட் டியூ டு த கரன்ட் ஸ்டேட் ஆஃப் த ஆப்ஜெக்ட்” என்று நின்றுவிடும். அந்த வாசகத்தைப் பார்த்து ரோ அதிகம் என்று யாரும் ஊகிக்க முடியாது. வெப் கான்ஃபிக்கின் ஆப் செட்டிங்ஸில் மேக்ஸ்எச்டிடிபிகலெக்‌ஷன்கீஸ் மதிப்பை உயர்த்தலாம். ஐம்பது ரோவுக்கு ஒருமுறை சேமித்துவிட்டுப் புதுப் பக்கம் கொடுப்பது அதைவிட நல்லது. மின்சாரம் போனாலும் முந்தின ஐம்பது பத்திரம்.

இரண்டு சர்வரில் ஓட்டுகிறவர்கள், வியூஸ்டேட்டில் யாரும் கைவைக்காமல் காக்கும் மெஷின்கீயை இரண்டிலும் ஒன்றாக வைக்க வேண்டும். இல்லையென்றால் “வேலிடேஷன் ஆஃப் வியூஸ்டேட் மேக் ஃபெயில்ட்” என்று வந்து, டைப் செய்த ரோ மொத்தமும் போய்விடும். அந்த கீயை இணையத்தில் கிடைத்த மாதிரியிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். இப்படிப் பொதுவெளியில் கிடக்கும் 3,000-க்கும் மேற்பட்ட கீகளைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் 2025 பிப்ரவரியில் எச்சரித்தது. கீ தெரிந்தவர் போலி வியூஸ்டேட் அனுப்பிச் சர்வரில் தன் கோடை ஓட்ட முடியும். ஐஐஎஸ் மேனேஜரிலேயே புது கீ உருவாக்கும் பட்டன் இருக்கிறது.

ஆயுள் பற்றி: 4.8, 4.8.1 இரண்டும் அவை ஓடும் விண்டோஸ் இருக்கும் வரை ஆதரவு பெறும். 4.6.2-இல் நிற்பவர்களுக்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள், அதற்குள் 4.8-க்கு ஏறிவிடுங்கள். அடுத்த தலைமுறையான ஏஎஸ்பி டாட் நெட் கோரில் வெப் ஃபார்ம்ஸ் கிடையாது, வரப்போவதும் இல்லை. எனவே புதுக் கடைக்குப் புதுப் பில் பக்கம் என்றால் இதை எடுக்க நாங்கள் சொல்ல மாட்டோம். மைக்ரோசாஃப்ட் காட்டும் மாற்று வழி பிளேசர். அங்கே ரோக்கள் ஒரு லிஸ்டிலிருந்து வரையப்படும். லிஸ்டில் ஒன்றை எடுத்தால் திரையில் ஒன்று போகும், ஒவ்வொரு ரோவுக்கும் கீ ஒன்று கொடுத்துவிட்டால் இடம் மாறும் குழப்பமும் இல்லை. இப்போதைய பக்கத்திலும் விவசாயி, பூ, கிலோ, விலை நான்கையும் கன்ட்ரோலிலிருந்து படித்து ஒரு சாதாரண கிளாஸின் லிஸ்டில் போட்டு, கமிஷன் கணக்கை அந்த லிஸ்டின் மேல் மட்டும் எழுதிவையுங்கள். மாற்றும் நாளில் திரை மட்டும் புதிதாக எழுதினால் போதும், கணக்கு அப்படியே வந்துவிடும்.